நியூ ஃபோல்டர் முதல் டிட்ராக் வரை

2000களின் பிற்பகுதியில் நெய்வேலியில் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு வந்தாலும் பென் டிரைவுக்குள் நாம் உருவாக்காத ஒரு 'நியூ ஃபோல்டர்' உட்கார்ந்திருக்கும். பார்க்க மஞ்சள் ஃபோல்டர்தான், ஆனால் அது ஒரு புரோகிராம். திறந்தால் முடிஞ்சுது, கம்ப்யூட்டர் முழுக்கக் குட்டி போட்டுவிடும். எங்கள் பிளாக்கில் பல வீடுகளில் இந்த விருந்தாளி உண்டு. நல்லவேளை, ஆன்டிவைரஸ் இதைப் பார்த்ததுமே கத்திவிடும்.

தன்னையே நகலெடுத்துப் பரவும் வைரஸ் போகிற இடமெல்லாம் ஒரே பைட் வரிசையை விட்டுச்செல்கிறது. அந்தக் கைரேகை ஒருமுறை சிக்கினால் போதும். 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸுக்குள் அவர்கள் பெயர், முகவரி, போன் நம்பர்கூட இருந்தன. விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போகிறவரைப் பிடிக்க என்ன கஷ்டம்? 1990 வாக்கில் ஒவ்வொரு நகலிலும் உருமாறும் வைரஸ்கள் வந்தபோதுதான் இந்த முறை திணற ஆரம்பித்தது.

ஆனால் அதே ஆன்டிவைரஸ், வீடியோ பிளேயரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பாரைப் பார்த்தால் பெரும்பாலும் வாயே திறக்காது. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கிச் சம்மதித்தது நாம்தானே! தடுத்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். ஸாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம் காஸ்பர்ஸ்கி மீது வழக்கே போட்டது. 2009இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கி பக்கம் நின்றது.

மூன்றாவது வகை, குறிப்பிட்ட ஓர் இடத்துக்காகத் தைக்கப்பட்டது. மின் நிலைய ஊர்க்காரனான எனக்கு இதுதான் உறுத்துகிறது. 2018இல் இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரம் திருடும் ஒரு மென்பொருளை காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது. அதன் உறவுகளைத் தேடப்போய்ச் சிக்கியதுதான் டிட்ராக். அடிக்கும் எழுத்துகள், பிரவுசர் வரலாறு, ஃபைல் பட்டியல் எல்லாவற்றையும் சேகரிக்கும் உளவாளி. சாதாரண புரோகிராமுக்குள் குறியாக்கம் செய்யப்பட்டு ஒளிந்திருக்கும். காஸ்பர்ஸ்கி இதை உலகுக்குச் சொன்னது 2019 செப்டம்பர் 23இல். அதற்கு 19 நாள் முன்பே, செப்டம்பர் 4இல், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் விவகாரத்தை இந்திய அணுமின் கழகத்திடம் செர்ட்-இன் அமைப்பு சொல்லியிருந்தது.

வெளியே தெரிந்தது அக்டோபர் 28இல், கூடங்குளத்தின் பெயர் பொதிந்த டிட்ராக் மாதிரி ஒன்று வைரஸ்டோட்டலில் தென்பட்டபோது. மறுநாள் ஆலை நிர்வாகம், பொய்த்தகவல் பரவுகிறது, கட்டுப்பாட்டு அமைப்பின் மீது தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. அதற்கும் மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: ஆமாம், மால்வேர் இருந்தது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர். உலைப் பக்கத்து நெட்வொர்க் தனி, அதற்குப் பாதிப்பில்லை.

அந்தப் பிரிப்பு உண்மையிலேயே பெரிய காவல். ஆனால் உளவாளி தேடி வந்தது ஃபைல் பட்டியலையும் பாஸ்வேர்டையும். அதெல்லாம் இருப்பது நிர்வாகப் பக்கத்தில்தானே? எவ்வளவு நாள் உள்ளே இருந்தது, எதை எடுத்துப்போனது என்று அக்டோபர் 30 அறிக்கையில் ஒரு வரி இல்லை.