அந்தித் தீனி: பங்காருபேட்டைப் புறக்கடைக் குஞ்சுகளின் இரவு உணவு

1. கேள்வி

குஞ்சுகளுக்கு இரவிலும் தீனி வைக்க வேண்டுமா? பங்காருபேட்டை, தங்கவயல் பக்கத்துப் புறக்கடைகளில் இரு வகைக் குஞ்சுகள் வளர்கின்றன. தாயோடு திரியும் நாட்டுக்குஞ்சு ஒன்று. பொரிப்பகத்திலிருந்து தாயின்றி வரும் கிரிராஜா போன்றது மற்றொன்று. கிரிராஜா பெங்களூரு ஹெப்பாளில் உருவான இனம். இவ்விரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது.

2. இருட்டும் தீனிப்பையும்

கோழி பகலில் இரை தேடும் பறவை. இருட்டில் அதன் பார்வை மிகவும் மங்கிவிடும். தட்டு நிறையக் கம்பு இருந்தாலும் கொத்தாது. ஆனால் அந்தி நெருங்கும்போது விரைந்து தின்று, கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையை நிரப்பிக்கொள்ளும். அங்கே ஊறும் தானியம் சிறிது சிறிதாக அரைவைப்பைக்கு இறங்குகிறது. அலகுதான் ஓய்கிறது, செரிமானம் நடந்துகொண்டே இருக்கும். மாலையில் விரலால் தடவினால் பை புடைத்திருக்க வேண்டும். விடியலில் வற்றியிருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாகப் புடைத்திருந்தால் அது அடைப்பின் அறிகுறி, கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

குஞ்சுக்கு இரவில் எதைக் கொடுப்பது என்று கேட்பதைவிட, மாலையில் வயிறு நிரம்பியதா என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் முடிவு.

3. தாயில்லாக் குஞ்சு

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று நாள் அது தாங்கும். தாயின் சிறகுக்கடியில் ஒடுங்கும் குஞ்சு விடியும்வரை எதையும் தின்பதில்லை. அதனால் கெடுதலும் இல்லை.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைக்கலாம். 800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள இந்த மேட்டுநிலத்தில் மார்கழி இரவு குளிரும் என்பதால் குண்டு பல்பு தொங்கவிடுகிறார்கள். சூட்டோடு வெளிச்சமும் வந்துவிடுவதால் குஞ்சு நள்ளிரவிலும் எழுந்து கொத்துகிறது. முதல் சில நாட்களுக்கு அது நல்லதுதான், தீனியையும் தண்ணீரையும் அடையாளம் கண்டுகொள்ளும். அந்த நாட்களில் மட்டும் இரவிலும் தட்டு இருக்கட்டும். பின்னர் உறங்க இருட்டு தேவை. வெளிச்சம் தராத பீங்கான் வெப்பமூட்டி அப்போது உதவும். எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டுக் குஞ்சு கதகதப்பாக இருக்கும் என்று நம்புவது ஆபத்து; அதன் வெப்பம் போதவே போதாது.

4. நம் இரவின் நீளம்

குளிர்நாட்டுக் கையேடுகள் மாலை விளக்கை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. லண்டனில் டிசம்பர் இரவு 16 மணி நேரம். 13 டிகிரி வடக்கில் இருக்கும் பங்காருபேட்டையில் மிக நீண்ட இரவும் 13 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நிறைந்த தீனிப்பைக்கு அது பெரிய இடைவெளி அல்ல.

5. நடைமுறை

பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே கேழ்வரகு, நொய், குஞ்சுத் தீவனம் ஆகியவற்றை வைக்கலாம். கூட்டில் அடைத்ததும் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சிதறிய தீனிக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஈரத் தீனி ஒரே இரவில் புளித்துவிடும்.

ஒரே தட்டு வைத்தால் வலுத்த குஞ்சுகள் இளைத்ததை விரட்டும்; அது அரைவயிற்றோடு அடையும். சற்றுத் தள்ளி இரண்டாவது தட்டு வைத்து, அடைக்கும்போது இளைத்ததன் தீனிப்பையை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.