கும்பமும் தலைதட்டலும்

உலர்திராட்சையை முகப்பதா நிறுப்பதா என்ற வினா அடுக்களையில் பிறந்ததன்று, சந்தையில் பிறந்தது. இங்கிலாந்தில் நிலக்கரியையும் பழங்களையும் கலத்தின் விளிம்புக்கு மேல் கும்பமாகக் குவித்து விற்றனர். கும்பத்தின் உயரம் விற்பவன் கையில் இருந்தது. 1835ஆம் ஆண்டு அளவைச் சட்டம் கும்பத்தை ஒழித்தது. நிலக்கரியை நிறுத்தே விற்கவும் பணித்தது.

அமெரிக்க அடுக்களையோ முகத்தலளவையை விடவில்லை. 1896இல் பாஸ்டனில் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் சமையல் நூல், தலைதட்டிய கோப்பையையும் கரண்டியையும் விதியாக்கியது. சர்க்கரைக்கு அது போதும். (மாவுக்கே ஐயம்தான்.) உலர்பழத்திலோ, தலையைத் தட்டலாம், இடையில் நிற்கும் காற்றைத் தட்ட இயலாது. விதையற்ற உலர்திராட்சை ஒரு கோப்பை, தளர்வாக இட்டால் 145 கிராம், அழுத்தி நிரப்பினால் 165 கிராம் என்கிறது அமெரிக்க வேளாண்துறை அட்டவணை. நான்கு கோப்பை கேட்கும் பழக்கேக்கில் இவ்வேறுபாடு 80 கிராமாகிவிடும்!

நெல்லைப் படியால் அளந்த நம் முன்னோர் புளியையும் வெல்லத்தையும் பலக்கணக்கில் நிறுத்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒட்டும் பொருள் கலத்துக்கு அடங்காது.

அமெரிக்கக் குறிப்பைப் பின்பற்றுவோர் திராட்சைக்கும் நறுக்கிய பேரீச்சைக்கும் கோப்பைக்கு 150 கிராம் எனக் கொள்ளலாம். இரண்டாகப் பிளந்து உலர்த்திய ஆப்ரிகாட் எனில் 130.