பூட்டைக் காட்டு, சாவியை மறை

1962ஆம் ஆண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கணினி நேரம் போதவில்லை. வாரத்துக்கு 4 மணி நேரம்தான் அவருக்கு ஒதுக்கீடு. அன்றைக்குக் கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். பல பேர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை, ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961இல்தான் செய்து காட்டியிருந்தது. பலர் புழங்கும் வீட்டில் ஆளுக்கொரு பெட்டி வேண்டும், பெட்டிக்குப் பூட்டு வேண்டும் இல்லையா? அந்தப் பூட்டாகத்தான் ஆளுக்கு ஒரு சொல் கொடுத்தார்கள். கணினிக் கடவுச்சொல் இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

ஷெர் அந்தப் பூட்டை உடைக்கவே இல்லை. துளை அட்டையில் கோப்பின் பெயரைக் குறித்துக் கொடுத்தால் அதை அச்சிட்டுத் தரும் வசதி அங்கே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் போய்த் தாள்களை எடுத்துக்கொண்டார். அப்புறம் என்ன, மற்றவர்களின் கணக்கில் நுழைந்து தன் ஆய்வைத் தொடர்ந்தார். இதை அவர் கோர்பட்டோவிடம் சொன்னது ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்து.

அடுத்த சில ஆண்டுகளில் அதே இடத்தில் இன்னொரு கூத்து. நிர்வாகி ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர், உள்ளே நுழைகிற எல்லாருக்கும் காட்டும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அன்று முனையத்தைத் திறந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்தியாக வந்தது ஊரார் அத்தனை பேருடைய கடவுச்சொல் பட்டியல்.

இந்த இரண்டு கதையிலும் ஒரே பாடம்தான். வாசலில் பூட்டுப் போட்டார்கள், சரி. ஆனால் எல்லாச் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்தார்கள். கடவுச்சொல்லின் அறுபது ஆண்டு வரலாறு அந்த ஆணியைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவிகளை எங்கே வைப்பது? யாரை நம்பி வைப்பது?

மாவும் உப்பும்

முதல் நல்ல பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் 1960களில் ஒரு வழி சொன்னார்: கடவுச்சொல்லைச் சேமிக்கவே வேண்டாம், அதை அரைத்த மாவைச் சேமித்தால் போதும். அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஆள் வந்து சொல்லைத் தரும்போது அதையும் அதே மாதிரி அரைத்துப் பார்ப்பது. இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடுவது. கோப்பைத் திருடுகிறவனுக்குக் கிடைப்பது வெறும் மாவு.

ஆனால் திருடன் சும்மா இருப்பானா? அகராதியில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினான். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்ப்சனும் அவருடைய சகா ராபர்ட் மோரிஸும் இதைத் தாங்களே செய்து பார்த்து, 1979இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகக் குட்டையானவை, அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் இருப்பவை. 15 பேருடைய கடவுச்சொல் ஒரே ஓர் எழுத்து!

அவர்கள் சொன்ன மருந்துகள் இரண்டு. அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாக்குவது ஒன்று. அரைக்கும் முன் ஒவ்வொருவருக்கும் தற்செயலான சில எழுத்துகளைச் சேர்த்துவிடுவது இன்னொன்று. இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறாகிவிடும். அந்தச் சேர்மானத்துக்குத் துறையில் வழங்கும் பெயரே உப்புதான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் வீட்டில் சொல்வது இங்கேயும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். 2012இல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து கசிந்த லட்சக்கணக்கான கடவுச்சொற்கள் அரைக்கப்பட்டிருந்தன, உப்பு மட்டும் போடவில்லை. வெகு சீக்கிரத்தில் பெரும்பகுதி உடைந்தது. ராக்யூ நிறுவனம் இன்னும் மோசம். 2009இல் அதனிடமிருந்து போன 3 கோடியே 20 லட்சம் சொற்களும் அரைக்காத அரிசியாகவே இருந்தன.

சட்டம் போட்டால் வலுவாகிவிடுமா?

நிறுவனங்கள் இப்படி இருக்க, பழி எப்போதும் நம் தலையில்தான் விழுந்தது. "நீங்கள் வலுவான கடவுச்சொல் வைக்கவில்லை." 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி உலகம் முழுக்கப் பரவியது. பெரிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறியீடு ஒன்று, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றம். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் இந்த மந்திரம் மனப்பாடம்.

இந்தச் சட்டத்துக்கு மனிதர்கள் எப்படிக் கீழ்ப்படிந்தார்கள் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று இருக்கிறது. 2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் உண்டு. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கு என்ன கடவுச்சொல் இருந்தது என்று அதில் வந்தது. 'பாஸ்வர்டு' என்ற ஆங்கிலச் சொல்லேதான்! முதல் எழுத்து பெரியது, 'ஏ' இருக்கும் இடத்தில் @ குறி, 'ஓ' இருக்கும் இடத்தில் பூச்சியம். அந்தத் தாக்குதலுக்குக் காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: 8 எழுத்து, பெரிய எழுத்து உண்டு, இலக்கம் உண்டு, குறியீடு உண்டு. சட்டப்படி அது சுத்தமான கடவுச்சொல்.

சட்டம் அரைகுறையாக நடைமுறைக்கு வந்ததால் வந்த வினையில்லை இது. கீழ்ப்படிந்ததால் வந்த வினை. நூறு வாசலுக்கு நூறு புரியாத சொற்களை மனதில் வை, அவ்வப்போது மாற்று என்றால், மனுஷன் என்ன செய்வான்? ஒரே சொல்லை எல்லா வாசலுக்கும் போடுவான், கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவான். 2017இல் பில் பர், தான் சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அதே ஆண்டு வெளிவந்த புதிய வழிகாட்டியில் கட்டாயக் கலவையும் காலக்கெடு மாற்றமும் கைவிடப்பட்டன. கூடவே ஒரு சின்ன வரி: கடவுச்சொல்லை ஒட்டுவதைத் தளங்கள் தடுக்க வேண்டாம், பெட்டகச் செயலிகளைப் பயன்படுத்துவோருக்கு அது உதவும். மனிதனின் நினைவாற்றலை நம்புவதை அரசாங்க அமைப்பே விட்டுவிட்டது என்பதன் அடையாளம் அந்த வரி.

பூட்டைத் திறந்து காட்டியவர்கள்

பெட்டகம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1997இல் மறையாக்க வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 'பாஸ்வர்டு சேஃப்' என்ற சிறு மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு முழுவதும் மறையாக்கப்பட்டிருக்கும். திறக்க ஒரே ஒரு தலைமைச் சொல். மற்றவற்றை நீங்கள் நினைவில் வைக்கத் தேவையே இல்லை, பார்க்கக்கூடத் தேவையில்லை. பின்னாளில் அது திறமூல மென்பொருளானது.

2003இல் ஜெர்மனியின் டொமினிக் ரைஷல் 'கீபாஸ்' மென்பொருளை வெளியிட்டார். மூல நிரல் அனைவருக்கும் திறந்தே இருந்தது. விண்டோஸுக்கு எழுதியதை லினக்ஸ்காரர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றி 'கீபாஸ்எக்ஸ்' ஆக்கினார்கள். அதன் வேலை மந்தமானபோது வேறு சிலர் நிரலை எடுத்துக்கொண்டு 'கீபாஸ்எக்ஸ்சி' என்று தொடர்ந்தார்கள். கைப்பேசிக்கு வேறு சிலர் எழுதினார்கள். ஆள் மாறியது, பெயர் மாறியது, ஆனால் கோப்பின் வடிவம் எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்ததால் பயனர் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். 2016இல் வந்த பிட்வார்டன் இதையே இணையம் வழி பல கருவிகளிலும் ஒத்திசைத்தது. அதன் நிரலும் திறந்ததுதான். விரும்பினால் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலருக்குச் சந்தேகம் வரும். "பூட்டு எப்படிச் செய்தது என்று ஊருக்கே காட்டினால் திருடனுக்கு வசதியாகிவிடாதா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் 1883இலேயே எழுதப்பட்டுவிட்டது. நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ், ராணுவ இதழ் ஒன்றில் சங்கேத முறைகளுக்கு இலக்கணம் வகுத்தார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். போர்க்களத்தில் எந்தக் கருவியும் ஒருநாள் பிடிபடும். பிடிபட்டதும் உடைகிற பூட்டு முதலிலேயே பூட்டல்ல.

நம் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. சிலர் மறைச்சொல் என்கிறோம், சிலர் கடவுச்சொல் என்கிறோம். மறைக்க வேண்டியது சொல்லைத்தான், கடவை அல்ல. கெர்க்கோஃப்ஸ் சொன்னதும் அதுதான்.

திறந்திருந்தால் மட்டும் போதுமா?

2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததை இந்த வரலாற்றில் தவிர்க்க முடியாது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுடைய காப்புப் பிரதிகளையே திருடர்கள் எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த கடவுச்சொற்கள் மறையாக்கப்பட்டிருந்தன. ஆனால் யார் எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிகள் அப்படியே படிக்கும்படி இருந்தன. வாடிக்கையாளர்களில் பலருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைமைச் சொல்லை எத்தனை முறை அரைப்பது என்ற எண்ணிக்கையும் பழைய கணக்குகள் பலவற்றில் குறைவாகவே விடப்பட்டிருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எது பூட்டப்பட்டிருக்கிறது என்று பயனர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தால், அந்த நம்பிக்கை இரவல் நம்பிக்கைதான்.

அதற்காகத் திறமூலம் என்றாலே தெய்வம் என்று கற்பூரம் காட்டவும் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது. அதிலிருந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டையை 2 ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை, 2014இல்தான் வெளிவந்தது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக யாரோ உள்ளே வந்து பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பணத்தில் திறமூல மென்பொருள்களைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. 2016இல் தணிக்கைக்கு எடுத்தவற்றில் கீபாஸும் ஒன்று. பெரிய ஓட்டை எதுவும் அகப்படவில்லை. ஆனால் 2023இல், கணினியின் நினைவகத்திலிருந்து தலைமைச் சொல்லின் பெரும்பகுதியை மீட்கலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். விவரம் பொதுவில் வந்தது, சில வாரங்களில் திருத்திய பதிப்பும் வந்தது. போலிப் பதிப்புகளை விளம்பரம் மூலம் பரப்பியவர்களும் இருந்தார்கள். எங்கிருந்து இறக்குகிறோம் என்று பார்த்து இறக்க வேண்டும்.

திறமூலம் தருவது உத்தரவாதம் அல்ல, சரிபார்க்கும் உரிமை. நீங்களும் நானும் நிரலைப் படிக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் படிக்கத் தெரிந்த ஒருவர், யாரிடமும் அனுமதி கேட்காமல் படித்துவிட்டுச் சத்தம் போட முடியும். அது பெரிய விஷயம்.

555 புத்தகம்

நம் வீடுகளில் இன்னொரு பெட்டகம் உண்டு. மளிகைக் கடைக் கடன் கணக்கு எழுதிய 555 புத்தகம். இப்போது பல பெரியவர்கள் வங்கிக் கடவுச்சொல்லையும் அதில்தான் எழுதுகிறார்கள். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "என்னப்பா இது, யாராச்சும் பாத்துட்டா?" எனக்கென்னவோ அந்தப் பெரியவர்கள் அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. புரூஸ் ஷ்னையரே 2005இல், நல்ல கடவுச்சொல் வையுங்கள், அதைத் தாளில் எழுதிப் பணப்பையில் பத்திரப்படுத்துங்கள் என்றுதான் எழுதினார். வெளிநாட்டிலிருக்கும் திருடனுக்கு அலமாரிக்குள் கை எட்டாது. அவ்வளவு ஏன், கடவுச்சொல்லைக் கணினிக்குள் கொண்டுவந்த கோர்பட்டோ, முதுமையில் பேட்டி கொடுத்தபோது அது ஒரு கெட்ட கனவு போல ஆகிவிட்டது என்றார். தானும் பல பக்கங்களில் எழுதி வைத்துக்கொண்டதைச் சொன்னார்.

555 புத்தகத்தின் குறை வேறு. அது நீளமான, புரியாத சொல்லை உருவாக்கித் தராது. வீடு எரிந்தால் பிரதி இல்லை. போலித் தளத்துக்கும் உண்மைத் தளத்துக்கும் வேறுபாடு சொல்லாது. உலாவியோடு இணைத்த பெட்டகச் செயலியோ, முகவரி ஓர் எழுத்து மாறினாலும் சொல்லை நிரப்பாமல் நின்றுவிடும். வங்கி பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்திகள் நம் ஊரில் எத்தனை பேரின் சேமிப்பைத் துடைத்தன என்று நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு மறுப்பே போதும் பெட்டகத்தை வைத்துக்கொள்ள.

ஆனால் புத்தகத்துக்கு ஒரு பெருமை உண்டு. அப்பா போன பிறகு அம்மாவால் அதைப் படிக்க முடியும். மறையாக்கிய கோப்புக்கு அந்த இரக்கம் கிடையாது. தலைமைச் சொல் தெரிந்த ஒருவர் மறைந்தால், வங்கிக் கணக்கு, சேமநிதி விவரம், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அவரோடு பூட்டிக்கொள்ளும். திறமூலமாக இருந்தாலும் அங்கே உதவாது. பூட்டு நேர்மையானது, யாருக்காகவும் திறக்காது. ஆகவே தலைமைச் சொல்லை ஒரே ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரமும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். எங்கே இருக்கிறதென்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கூடவே கோப்பின் பிரதி எந்தக் கருவியில் இருக்கிறதென்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.