முத்துப்பாரில் ஒரு மூச்சு

மதுரைப் பாண்டியர்களின் கருவூலத்துக்கு முத்து வந்த துறை கொற்கை. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், அங்கே தண்டனைக் கைதிகளை மூழ்க வைத்ததாகச் சொல்கிறது. அதைப் படித்தபின் முத்தின் வெண்மை சற்று மங்கித்தான் போகிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில், அதாவது கடலடிச் சிப்பிப் படுகைகளில், மூழ்கும் முறை நெடுங்காலம் மாறவில்லை. கயிற்றில் கட்டிய கல்லில் காலூன்றி ஆள் இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பிகளை வாரி வலைப்பையில் போடுவார். கயிற்றைச் சுண்டியதும் படகில் நிற்பவர் இழுத்தாக வேண்டும். அவர் கண் அயர்ந்தால் கீழே உயிர் போகும்.

மூச்சை அடக்காமல் மூழ்கவும் வழி வந்தது: 1830களில் அகஸ்டஸ் சீபே லண்டனில் செய்த தலைக்கவச உடைக்கு மேலிருந்து பம்பு காற்றனுப்பியது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இருமடங்கு. அதே மூச்சுக்கு இருமடங்கு காற்று வேண்டும். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலேறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்விடும், கால்கள் செயலிழக்கலாம். படிப்படியாக ஏறுவதற்கான அட்டவணையை உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908இல் வெளியிட்டார்.

தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது.

ஆனால் அங்கே சங்கு குளிப்பவர்கள் பலர் இன்று படகில் கம்ப்ரசர் வைத்து, குழாயை வாயில் கவ்வி இறங்குகிறார்கள். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடம் என்ஜின் புகைக்கு அருகே இருந்தால், கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே இறங்கும். கம்ப்ரசரைத் தேர்ந்தெடுப்பவர் விலைக்கு முன் பார்க்க வேண்டியவை அந்த இடமும் எண்ணெய் வடிகட்டியும், என்ஜின் நின்றாலும் சிறிது நேரம் மூச்சுக் கொடுக்கும் சேமிப்புத் தொட்டியும்.