வருடிய நூல்களும் பார்வையற்றோர் மெய்ப்புப் பணியும்

எழுத்தும் சொல்லும் சேர்ந்ததே ஒரு நூலின் பாடம் என்று பொதுவாகக் கருதுகின்றோம். பத்தி எங்கே தொடங்குகின்றது, இயலின் தலைப்பு எது, அடிக்குறிப்பு எந்தச் சொல்லைப் பற்றியது, மேற்கோள் எங்கே முடிகின்றது என்பனவும் பாடத்தின் உறுப்புகளே ஆகும். அச்சுப் பக்கத்தில் இவற்றைக் கண் நொடிப்பொழுதில் பகுத்துக்கொள்கின்றது. அதனால் இவை பாடத்தைச் சார்ந்தவை என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. இவ்வுண்மையை ஐயமின்றி விளக்கிக் காட்டியவர்கள் நூல்களைச் செவியாலும் விரலாலும் படிப்போரே. அச்சு நூல்களைப் பொறியால் வருடி, அதனால் விளைந்த பிழைகளைக் களைந்து, பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல்களாக ஆக்கும் பணி பெரிதும் அமெரிக்க நாட்டில் உருப்பெற்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறுடைய அப்பணியில், பதிப்பு நெறியில் ஈடுபட்ட தமிழ் ஆராய்ச்சியாளர் கருதத்தக்க செய்திகள் பல உள.

பொறி தோன்றுமுன்பே மெய்ப்புத் திருத்துவதில் பார்வையற்றோர்க்குப் பங்கு இருந்தது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 1858ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்கப் பார்வையற்றோர் அச்சகம் போன்ற இடங்களில், பார்வையற்ற மெய்ப்பாளர் பிரெயில் தாளை விரலால் தடவி உரக்கப் படிப்பார். பார்வையுடைய துணைவர் ஒருவர் மூலநூலை வைத்துக்கொண்டு ஒப்புநோக்குவார். நம் பழைய அச்சுக்கூடங்களில் ஒருவர் படிக்க மற்றொருவர் மெய்ப்பு நோக்கிய முறையும் இத்தகையதே. அங்கெல்லாம் மூலம் எப்போதும் அருகில் இருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் வந்த மெய்ப்பாளர்க்கு அவ்வசதி இல்லாது போயிற்று.

1976ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ரே கர்ஸ்வைல் என்பார் அமைத்த படிப்புப் பொறி வெளியிடப்பெற்றது. அதற்கு முன்னிருந்த எழுத்துணரிகள் தமக்கென வகுக்கப்பெற்ற சில அச்சுருக்களையே அறியவல்லன. கர்ஸ்வைல் பொறியோ பல்வேறு அச்சுருக்களையும் உணர்ந்தது. கண்ணாடிமேல் கவிழ்த்த பக்கத்தை வருடிச் செயற்கைக் குரலால் படித்தும் காட்டியது. அதன் விலை தனியொருவர் வாங்கும் அளவினதாக இல்லை. 1989ஆம் ஆண்டில் ஜிம் புருக்டர்மன் என்பார் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்க்கன்ஸ்டோன் என்னும் ஆதாய நோக்கற்ற நிறுவனம், தனியாள் கணிப்பொறியோடு இணைத்துப் பயன்படுத்தும் கருவிகளை வழங்கியது. அதன்பின் பார்வையற்றோர் பலர் தம் வீட்டிலேயே நூல்களை வருடிப் படிக்கலாயினர்.

இதனால் விளைந்த நிலை ஒன்று நம் இலக்கிய வரலாற்றை நினைவூட்டுவது. ஒரே நூலைப் பல ஊர்களில் பலர் தனித்தனியே, பக்கம் பக்கமாகக் கவிழ்த்து, மணிக்கணக்கில் வருடினர். ஒருவர் படியில் ஒரு பிழை. மற்றொருவர் படியில் வேறு பிழை. ஒருவர் திருத்திய பாடம் மற்றவர்க்குப் பயன்படவில்லை. ஏட்டுச்சுவடிகள் ஊருக்கு ஊர் படியெடுக்கப்பெற்ற காலத்தின் நிலையையே கணிப்பொறிக் காலமும் மீண்டும் கண்டது எனலாம்.

படிகளை ஓரிடத்தில் தொகுக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருதல் வேண்டும். 1996ஆம் ஆண்டில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திற் சேர்க்கப்பெற்ற சேஃபி திருத்தம், வெளிவந்த நூல்களைப் பார்வையற்றோர் முதலியோர்க்கு மட்டும் உரிய வடிவங்களில், உரிமையாளர் இசைவைத் தனியே பெறாமலேயே, தகுதியுடைய நிறுவனங்கள் படியெடுத்து வழங்கலாம் என விதித்தது. இதன் துணைகொண்டு, புருக்டர்மனின் பெனிடெக் நிறுவனம் 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் புக்ஷேர் என்னும் நூலகத்தைத் தொடங்கியது. ஒருவர் தாம் வருடிய கோப்பை அனுப்புவார். வேறொரு தொண்டர் அதனைப் படித்துப் பிழை நீக்குவார். பின்னர் அது டெய்சி வடிவிலும் பிரெயில் வடிவிலும் மாற்றப்பெற்று நூலகத்தில் இடம்பெறும்.

இனி, அத்தொண்டர் எதிர்கொண்ட பிழைகளின் இயல்பை நோக்குவோம். எழுத்துப் பிழை எளிதில் விளங்குவது. ஆங்கிலத்தில் ஆர், என் என்னும் எழுத்துகள் நெருங்கி நின்றால் எழுத்துணரி அவற்றை எம் என ஒன்றாகக் கொள்ளும். புதுமையானது எனப் பொருள்படும் ‘மாடர்ன்’ என்னும் சொல், கணிப்பொறிக் கருவியாகிய ‘மோடம்’ ஆகிவிடும். மோடம் என்பதும் அகராதியில் உள்ள சொல்லே ஆதலின், சொற்பிழை காட்டும் செயலி அதனைக் கண்டுகொள்ளாது. பொருளறிந்து படிப்பவரே காணவல்லார்.

ஆயின் எழுத்துப் பிழையினும் ஆராயத்தக்கது அமைப்புப் பிழையே. அச்சிட்ட நூலின் பக்கந்தோறும் மேலே நூற்பெயரோ ஆசிரியர் பெயரோ காணப்படும். வருடிய கோப்பில் அது பாடத்தினுள் கலந்துவிடும். ஒரு பக்கத்தில் முடியாத வாக்கியம் அடுத்த பக்கத்தில் தொடரும்போது, பாதி வாக்கியம், பக்க எண், நூற்பெயர், எஞ்சிய வாக்கியம் என்ற முறையில் கேட்போர் செவியில் விழும். முந்நூறு பக்க நூலில் ஏறத்தாழ முந்நூறு முறை இவ்விடையூறு நேரும். கண்ணாற் படிப்போர் பக்கத் தலைப்பைப் பாராமலே கடந்து செல்வர். செவிக்கு அவ்வாறு கடக்கும் வழி இல்லை. வரியின் இறுதியில் சொல்லைப் பிளந்த சிறுகோடு, வரியமைப்பு மாறிய பின்னும் அகலாது நின்று ஒரு சொல்லை இரண்டாக்கும். இயலின் முதலெழுத்தைப் பெரிதாக அச்சிடும் வழக்கால், அவ்வெழுத்து உதிர்ந்து முதற்சொல் தலையிழந்து நிற்கும். இரு நிரலாக அச்சிட்ட பக்கத்தில் இடநிரல் வரியும் வலநிரல் வரியும் மாறிமாறிப் பின்னிக்கொள்ளும். புதினத்தில் காலமோ களமோ மாறுவதைக் காட்ட விடப்பெற்ற வெற்றிடம் மறைந்துபோக, கேட்போர் இறந்தவன் எவ்வாறு பேசுகின்றான் என்று மயங்கவும் நேரும்.

பொறியாலேயே இவற்றை நீக்க இயலாதோ எனின், ஓரளவு இயலும். அதனாலும் கேடு விளைவதுண்டு. பக்கத்தின் முதல் வரியைத் தலைப்பென்று கருதி நீக்கும் செயலி, இயலின் உண்மையான தலைப்பையும் உடன் நீக்கிவிடும். சிறுகோடுகளையெல்லாம் களைந்தால், கோடு நிற்கவேண்டிய தொடர்ச்சொற்கள் சிதையும். பக்க எண் இடையூறு என்று அடியோடு அகற்றப்பெற்றால், ஆசிரியர் 112ஆம் பக்கத்தைத் திருப்புமாறு கூறும்போது பார்வையற்ற மாணவர் திகைப்பார். ஆராய்ச்சி செய்வோர் தம் மேற்கோளுக்குப் பக்கம் காட்ட இயலாது. பக்க எண் வேண்டும். ஆனால் அது வாக்கியத்தின் நடுவே ஒலித்தல் கூடாது. டெய்சி வடிவம் இச்சிக்கலுக்கு வழி கண்டது. பக்க எண்ணையும் தலைப்பையும் தனி அடையாளங்களாகக் கொண்டு, வேண்டுவோர் கேட்கவும், வேண்டாதார் தவிர்க்கவும், குறித்த பக்கத்திற்கு நேரே செல்லவும் அது இடம் தந்தது. எனினும் எது தலைப்பு, எது பக்க எண் என்று பிரித்துணர்ந்து செப்பஞ்செய்தல் மெய்ப்பாளர் பொறுப்பாகவே இருந்தது.

புக்ஷேர் தொண்டருள் பார்வையற்றோர் பலர் இருந்தனர் என்பது இவ்வரலாற்றின் தலையாய செய்தி. பிறர் ஆக்கித் தந்ததைப் பெறுவோராக எண்ணப்பட்டவர்கள் இங்குப் பாடத்தை நிறுவுவோர் ஆயினர். அவர்கள் பெரும்பாலும் வேறொருவர் வருடிய கோப்பையே கொண்டு பணியாற்றினர். அச்சு நூலே கையில் இருப்பினும் அதனைக் கண்ணால் ஒப்புநோக்க இயலாது. ஒற்றைச் சுவடியைக் கொண்டு பதிப்பிக்கும் ஆசிரியரின் நிலை இது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது பல சுவடிகளை ஒப்புநோக்கினார் என்பதும், ஒரு சுவடியின் ஐயத்தைப் பிறிதொரு சுவடி தீர்த்தது என்பதும் நாம் அறிந்தவை. பார்வையற்ற மெய்ப்பாளர்க்கு மறுசுவடி யாதெனின், அதே பக்கத்தை மீண்டும் வருடிப் பெற்ற படியே ஆகும். இரண்டாம் முறை வருடும்போது பொறி வேறிடத்தில் பிழைபடும். முதற்படியின் பிழையை அது விளக்கிவிடும். அதுவும் கிடைக்காதபோது முன்பின் நோக்கி ஊகித்தே பாடம் கொள்ளல் வேண்டும். ஆயினும் ஆசிரியர் செய்த பிழையைத் திருத்துதல் தம் பணியன்று, பொறி செய்த பிழையே தமக்குரியது என்னும் வரம்பை அவர்கள் காத்தல் வேண்டும். இவ்வரம்பு தமிழ்ப் பதிப்பாசிரியர் சிலரிடத்துக் காணப்பெறாமை வருந்தத்தக்கது.

கண்ணினும் செவி கூரியதாகும் இடங்களும் உள. ஆங்கில எல் என்னும் எழுத்தின் இடத்தில் 1 என்னும் எண் நின்றால், கண் அதனை எழுத்தாகவே கொண்டு மேற்செல்லும். குரற்பொறியோ எண்ணின் பெயரைச் சொல்லிப் பிழையை வெளிப்படுத்தும். கண் பழக்கத்தால் திருத்திப் படிக்கின்றது. பொறி உள்ளதை உள்ளவாறே படிக்கின்றது. செவிக்கும் எல்லை உண்டு. ஒத்த ஒலியுடைய சொற்கள் மாறி நிற்பதையும், நிறுத்தக்குறி திரிந்திருப்பதையும், பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாட்டையும் அது தவறவிடும். சிறு ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் ஒவ்வொரு வரியாக எழுத்தைக் காட்டும் பிரெயில் கருவியில் விரல் அவற்றைக் கண்டுகொள்ளும். இரண்டையும் ஒருங்கே பயன்படுத்தும் மெய்ப்பாளர் பார்வையுடைய மெய்ப்பாளர்க்கு எவ்வகையிலும் தாழ்ந்தவர் அல்லர்.

புக்ஷேர் தன் நூல்களை மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது எனத் தரம் பிரித்து வைத்தது. பிழை மலிந்த படியையும் ஏற்றமை சிலர்க்குக் குறையாகத் தோன்றலாம். எம் கருத்து வேறு. ஒரு நூலும் இல்லாத நிலையினும் பிழையுடைய நூல் இருப்பது மேலானது. தரத்தை மறையாது கூறியமையும் நேர்மையுடையது. ஆனால் புதினம் படிப்போர் பொறுக்கும் பிழையைத் தேர்வுக்குப் படிப்போர் பொறுத்தல் அரிது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வித் துறை வழங்கிய நிதியால் அந்நாட்டுத் தகுதியுடைய மாணவர் கட்டணமின்றி நூல்களைப் பெறலாயினர். பதிப்பகத்தார் தம் மின்கோப்புகளை நேரே அளிக்கத் தொடங்கியபின் புதிய நூல்களை வருடும் தேவை குறைந்தது. மின்கோப்பு இல்லாத பழைய நூல்களுக்கு வருடுதலன்றி வேறு வழியில்லை.

தமிழ் நூல்களுள் ஆராய்ச்சிக்கு வேண்டுவன பெரும்பாலும் அத்தகைய பழைய நூல்களே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012ஆம் ஆண்டில் திருத்தப்பெற்று, படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கி வழங்க இடம் தந்தது. 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் நிறைவேறிய மராக்கெசு உடன்படிக்கையை 2014ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியாவே. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் தடை இவ்வாறு பெரிதும் விலகியது. பாடத்தின் தடை விலகவில்லை.

ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இடாமையாலும், ரகரமும் காலும் ஒத்திருந்தமையாலும் விளைந்த மயக்கங்களை நாம் அறிவோம். அதே மயக்கங்கள் எழுத்துணரியிடத்தும் தோன்றுகின்றன. மங்கிய அச்சில் புள்ளி மறையும். தாளின் கறை புள்ளியாகும். ‘ர்’ நிற்கவேண்டிய இடத்தில் காலின்மேல் புள்ளி நின்றால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. குரற்பொறி சொல்லைச் சிதைத்துவிடும். தமிழ் எண்ணாகிய ஏழின் வடிவும் எகரத்தின் வடிவும் ஒன்றே ஆதலின், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்றாலும் அவ்வாறே ஆகும். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை போன்ற எழுத்துகள் பழைய வடிவில் உள்ளன. புதிய வடிவங்களில் மட்டும் பயிற்றப்பெற்ற எழுத்துணரி அவற்றைத் தவறாகவே உணரும்.

இவற்றினும் பெரிய சிக்கல் உரைப்பதிப்புகளில் உள்ளது. மூலம் பெரிய எழுத்திலும், உரை சிறிய எழுத்திலும், பாடவேறுபாடு பக்கத்தின் அடியிலும் அச்சிடப்பெறும். வருடியபின் மூன்றும் ஒரே ஓட்டமாகிவிடுகின்றன. பாடவேறுபாட்டைக் குறிக்கச் சீரின்மேல் இட்ட சிற்றெண் செய்யுளின் நடுவே ஒலித்து ஓசையை முறிக்கின்றது. உரையாசிரியர் காட்டிய மேற்கோட் செய்யுள் எங்கே முடிந்து அவர்தம் உரை எங்கே தொடங்குகின்றது என்பது கேட்கும் மாணவர்க்கு விளங்குவதில்லை. இவற்றைப் பிரித்து ஒழுங்குசெய்யக் கணிப்பொறியறிவு மட்டும் போதாது. யாப்பும் உரைமரபும் அறிந்தவர் வேண்டும். அத்தகையோர் தமிழ்த் துறைகளில் உளர். பதிப்பியல் பயிலும் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓரியலை வருடித் திருத்துதலையும், அதனைப் பார்வையற்ற மாணவர் கேட்டுக் கூறும் பிழைகளை மீண்டும் களைதலையும் பாடப்பயிற்சியாக வைத்தல் இயலும். கேட்டவர் ஏற்ற பின்னரே அப்படியை முடிந்த படியாகக் கொள்ளல் வேண்டும். சூத்திரமும் உரையும் எடுத்துக்காட்டும் மாறிமாறி வரும் தொல்காப்பியம் இளம்பூரணர் உரையிலிருந்து இப்பணியைத் தொடங்குதல் தகும்.