கையெழுத்துக்குக் காவல் பிறந்த கதை

1947 ஈஸ்டர் சமயம். இங்கிலாந்தின் ரக்பி நகரில், டென்னிஸ் ஆட இடம் காலியாகட்டும் என்று ஒரு பெஞ்சில் காத்திருந்தார் டென்னிஸ் காபோர். ஹங்கேரிக்காரர், வயது 46. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, ரக்பியில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் மங்கலாகத் தெரிகிறதே, அதை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வி அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த பெஞ்சில்தான் பொறி தட்டியது. வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பதிந்தால் போதாது, ஒளி அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும். பதிந்து பார்க்க அவர் எடுத்துக்கொண்டது கடுகளவே உள்ள ஒரு படத்துணுக்கு. அதில் ஹைகன்ஸ், யங், ஃபிரெனல் என்று ஒளியியல் மேதைகளின் பெயர்கள் பொடி எழுத்தில் இருந்தன. புகழ்பெற்றவர்களின் பெயர்களோடு பிறந்த இந்தக் குழந்தை, பிற்காலத்தில் புகழ்பெற்றவர்களின் பெயர்களுக்கே காவல் நிற்கப்போகிறது என்று அன்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் குழந்தை நோஞ்சானாகப் பிறந்தது. காபோர் நினைத்தபடி படம் தெளிவாக வர, அலைகள் ஒரே சீராக வரும் விளக்கு தேவைப்பட்டது. அப்படி ஒரு விளக்கு உலகத்தில் இல்லை. பாதரச விளக்கை வைத்துக்கொண்டு முடிந்த மட்டும் முயன்றார். நுண்ணோக்கியும் உருப்படவில்லை. பதின்மூன்று வருடம் அந்த யோசனை தூசி படிந்து கிடந்தது.

1960இல் லேசர் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் லீத், உபட்னீக்ஸ் என்ற இருவர் லேசரைக் காட்டி ஒரு பொம்மை ரயிலை முப்பரிமாணத்தில் பதிந்து வைத்தார்கள். பார்த்தவர்கள் கையை நீட்டித் தொடப் போனார்கள். 1968இல் பென்டன் என்பவர், லேசர் இல்லாமல் சாதாரண வெளிச்சத்திலேயே அந்தப் படம் வானவில் நிறத்தில் மின்னும்படி செய்தார். 1971இல் காபோருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை மெல்லிய உலோகத் தாளில் அச்சுப்போல அழுத்தி எடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். கலர் ஜெராக்ஸில் வைத்தால் வெறும் கறுப்பாகவோ சாம்பலாகவோ விழும் என்பது அதன் பெரிய பெருமை. 1983இல் மாஸ்டர்கார்டு கம்பெனி தன் கடன் அட்டையில் அதை ஒட்டியது. இத்துடன் கதை வங்கிப் பக்கம் போயிருக்க வேண்டும். ஒரு சில்லறைக் கடைக்காரர் ஏமாந்ததால் விளையாட்டு மைதானத்துக்குப் போனது.

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்கும் கடை அது. நம் ஊரில் எண்பதுகளில் சூயிங்கத்தோடு கிரிக்கெட் வீரர் படம் கிடைக்குமே, அந்த ஜாதி. ஆனால் அங்கே ஒரு நல்ல அட்டைக்கு டாலர் டாலராக விலை. டான் மேட்டிங்லி என்ற வீரரின் அட்டைகளைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி வைத்தார். அத்தனையும் டூப்ளிகேட். அச்சுத் தொழிலில் இருந்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, கடன் அட்டையில் ஒட்டுகிறார்களே அதை இதிலும் ஒட்டினால் என்ன என்றார். 1989இல் அப்பர் டெக் என்ற புதுக் கம்பெனியின் அட்டைகள் பின்பக்கத்தில் மின்னும் சின்ன முத்திரையோடு சந்தைக்கு வந்தன. அட்டைக்குக் காவல் கிடைத்துவிட்டது. அட்டை மேல் வீரர் போடும் கையெழுத்துக்கு?

கையெழுத்து என்பது அதுவரை நேருக்கு நேர் கிடைத்த பொருள். காந்தி தன் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் போட்டார். காசை அவர் கையில் கொடுத்து, நோட்டை அவர் கையிலிருந்து வாங்கியவருக்கு அது ஒரிஜினலா என்ற சந்தேகம் வர வழியே இல்லை. சந்தேகம் வந்தது இரண்டாவது கைக்கு மாறிய பிறகுதான். இடையில் ஒரு வியாபாரி வந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். நட்சத்திரங்களும் இதற்குத் துணை போயிருக்கிறார்கள். ரசிகர் கடிதத்துக்குச் செயலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதும், அச்சடித்த கையெழுத்தோடு புகைப்படம் போய்ச் சேர்வதும் ஹாலிவுட்டிலிருந்து கோடம்பாக்கம் வரை நடந்தவைதான். அந்தப் படத்தைப் பூஜையறை வரை கொண்டுபோனவர்களுக்கு அது அச்சு என்று தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருப்பார்களா என்பது வேறு கதை. காசு நுழையாத வரை இது பாசாங்கு; நுழைந்ததும் களவு. 1990களில் காசு வெள்ளமாக நுழைந்தது.

1992இல் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனோடு அப்பர் டெக் ஓர் ஒப்பந்தம் போட்டது. கம்பெனி ஆள் முன்னால் அவர் கையெழுத்துப் போடுவார், உடனே எண்ணிட்ட மின்னும் முத்திரை ஒட்டப்படும். அதே 1992இல் கலிஃபோர்னியா அரசும் விழித்துக்கொண்டது. கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருளை விற்கும் வியாபாரி அசல் என்பதற்குச் சான்றிதழ் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. நல்ல சட்டம்தான். வாங்குகிறவர்கள் அன்றிலிருந்து பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சான்றிதழைப் பார்த்தார்கள். கள்ளக் கையெழுத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருந்திருக்க முடியாது. பந்தில் ஒரு கையெழுத்தைக் கள்ளமாகப் போடத் தெரிந்தவனுக்குக் காகிதத்தில் இன்னொன்று போடுவது பெரிய காரியமா?

பொறுப்பு என்ற சொல் அப்போதுதான் பந்தாட்டம் ஆட ஆரம்பித்தது. எழுதியவன், 'நான் பந்தில் ஒரு பெயர் எழுதினேன், விற்றது நானில்லை' என்றான். விற்றவர், 'எனக்கென்ன தெரியும், நிபுணர் சான்றிதழ் கொடுத்திருக்கிறாரே' என்றார். நிபுணர், 'நான் சொன்னது என் கருத்து, உத்தரவாதம் இல்லை' என்றார். அவருக்குக் கூலி கொடுத்தவரோ அதே வியாபாரி. நட்சத்திரத்துக்கு நேரமில்லை. வாங்கியவர் நூறு டாலர் பொருளை இருபதுக்கு வாங்கிய குஷியில் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் வசதியான இந்த வட்டம், ஒரு வீரர் தன் சொந்த அணியின் கடைக்குள் எட்டிப் பார்த்த அன்று கலைந்தது.

அவர் டோனி க்வின். சான் டியாகோ பேட்ரஸ் அணியின் செல்லப்பிள்ளை, எட்டு முறை பேட்டிங் பட்டம் வென்றவர். கடையில் அவர் பெயரில் பந்துகள் விற்பனைக்கு இருந்தன. அவர் போட்ட கையெழுத்து இல்லை அவை. வெளியே தெருவில் அல்ல, அணியின் சொந்தக் கடையிலேயே கள்ளச் சரக்கு.

ஏற்கெனவே சிகாகோவில் ஜோர்டன் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்ட கும்பலை எஃப்.பி.ஐ. பிடித்திருந்தது. தோண்டிப் பார்த்ததில் வேர் நாடு முழுக்க ஓடுவது தெரிந்தது. கள்ள வியாபாரம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். 1997இல் சான் டியாகோவில் ஓர் அதிகாரி, ஆசியாவுக்குச் சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளராக வேடம் போட்டு உள்ளே நுழைந்தார். நடவடிக்கைக்கு ஆபரேஷன் புல்பென் என்று பெயர். கும்பலின் நடுவில் இருந்த மனிதரைப் பார்த்தபோது அதிகாரிகளுக்கே ஆச்சரியம்.

கிரெக் மரினோ. அவர் கைக்கு வராத கையெழுத்து இல்லை. பேஸ்பால் நட்சத்திரங்களான, 1948இல் இறந்த பேப் ரூத்தும் 1995இல் இறந்த மிக்கி மேண்ட்டிலும் அவர் மேஜையில் தினமும் உயிர் பெற்றார்கள். கையெழுத்துக்குத் தகுந்தபடி பந்தும் பழசாகத் தெரிய வேண்டுமே. புதுப் பந்துக்கு ஷெல்லாக் பூசினார்கள். மரச்சாமானுக்கு அடிப்போமே, அதே அரக்கு மெருகுதான். தோல் தேன் நிறத்துக்கு மாறியது. பிறகு உலர்ந்த நாய்த்தீனிப் பைக்குள் புதைத்து வைத்தார்கள். எடுத்தபோது ஐம்பது வருடம் பரண்மேல் கிடந்த வாடை வந்தது. பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து, அந்தக் காலத்துக் காகிதத்தில் அந்தக் காலத்து மனிதர்களின் கையெழுத்தைப் போட்டார்கள். அண்ணன், தம்பி, அப்பா, அம்மா என்று குடும்பமே தொழிலில் இருந்தது. எல்லாம் கச்சிதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேராசை கொல்கத்தா வரை கையை நீட்டும் வரை.

பிடிபட்ட சரக்கில் பேஸ்பால் பந்துகள் சில இருந்தன. அவற்றின் மேல் கையெழுத்து: அன்னை தெரசா.

கொல்கத்தாவின் தொழுநோயாளிகளுக்கு நடுவே வாழ்ந்து 1997 செப்டம்பரில் மறைந்த அந்த அம்மாள், எந்த மைதான வாசலில் நின்று எந்த ரசிகனுக்கு அந்தப் பந்தில் கையெழுத்துப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்குக்கே வேலை இல்லை. என்னைக் கேட்டால், மொத்தக் கதையிலும் பெரிய சாட்சி அந்தப் பந்துதான். எழுதியவன் அயோக்கியன், சரி. அதை அலமாரியில் அடுக்கிய வியாபாரிக்குமா கண் இல்லை?

1999 அக்டோபர் 13 அன்று எஃப்.பி.ஐ., வருமான வரித்துறை ஆட்கள் நூற்றுக்கணக்கில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினார்கள். வழக்குகள் எல்லாம் முடிந்தபோது 18 கும்பல்கள் கலைந்திருந்தன, 63 பேர் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். எழுதியவர்கள் மட்டுமல்ல, தெரிந்தே விற்றவர்களும் பொய்ச் சான்றிதழ் தந்தவர்களும் அதில் அடக்கம். ஆனால் ஜெயிலில் ஆட்களைப் போட்டதால் கடையில் இருக்கும் பந்து நிஜமாகிவிடவில்லை. அதற்கு என்ன வழி?

2001இல் பேஸ்பால் சங்கம் கண்டுபிடித்த வழி ரொம்பப் பழைய வழி: சாட்சி. பணியில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற போலீஸ்காரர்களைக் கூலிக்கு அமர்த்தியது. வீரர் கையெழுத்துப் போடும்போது அவர் பக்கத்தில் ஒருவர் நிற்பார். கண்ணால் பார்த்தால் அங்கேயே தனி எண்ணோடு மின்னும் முத்திரையை ஒட்டுவார். உரிக்கப் பார்த்தால் முத்திரை தூள் தூளாகக் கிழியும், வேறு பந்துக்கு மாற்ற முடியாது. பார்க்கவில்லையா, ஒட்டமாட்டார். வீரரே வந்து 'இது நான் போட்டதுதான்' என்று சத்தியம் செய்தாலும் கிடையாது. காபோரின் படம் இங்கே வெறும் மினுமினுப்பு அல்ல, ஒருவர் நின்று பார்த்தார் என்பதற்கான ரசீது.

அந்த ஒருவர் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் பாடகர் பாப் டிலன் காட்டினார். இலக்கிய நோபல் பெற்றவர். அவர் கையெழுத்திட்ட புத்தகம் என்று 900 பிரதிகளைப் பிரதி 600 டாலருக்குப் பதிப்பகம் விற்றது. கையெழுத்து அசல்தான் என்று தலைமை அதிகாரியின் கடிதமும் கூடவே போனது. வாங்கியவர்கள் இணையத்தில் படங்களை ஒப்பிட்டார்கள். கையெழுத்துகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. இயந்திரக் கை போட்டவை. பதிப்பகம் பணத்தைத் திருப்பியது. தலைச்சுற்றல் நோய் இருந்தது, தவறு செய்துவிட்டேன் என்று டிலன் வருத்தம் தெரிவித்தார். இந்தத் தடவை கள்ளக் கையெழுத்துக்குச் சம்மதித்தவர் கையெழுத்துக்குச் சொந்தக்காரரேதான்.

இதற்குள் காபோரின் குழந்தை கப்பலேறி சென்னைக்கு மேற்கே வந்து ரொம்ப நாளாகியிருந்தது. பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் 1960களிலிருந்து சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்கிறார்கள். அவற்றின் நிழலிலேயே டூப்ளிகேட் உதிரிபாகமும் வளர்ந்தது. ஒரிஜினல் பெட்டியின் ஓரத்தில் காபோரின் குழந்தை ஒட்டிக்கொண்டது. வாக்காளர் அட்டையில் ஏறியது, டாஸ்மாக் பாட்டிலின் மூடியில் உட்கார்ந்தது. ஆவடி மெக்கானிக் ஒருவர் பேரிங் பெட்டியை டியூப்லைட்டுக்குக் கீழே இப்படியும் அப்படியும் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அந்தப் பொட்டு ஸ்டிக்கர்தான், 1947இல் டென்னிஸ் மைதானத்து பெஞ்சில் பிறந்த ஹோலோகிராம்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிரிக்கெட் மட்டை இருக்கிறது. பிரபல வீரரின் கையெழுத்து, கீழே ஹோலோகிராம். இணையத்தில் வாங்கியது. சாய்த்துப் பார்த்தேன். வானவில் வந்தது, 'ஒரிஜினல்' என்ற சொல்லும் வந்தது. எண் வரவில்லை. அந்த ரக ஸ்டிக்கரை ரோல் ரோலாக யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை; அவரே கண்டுபிடித்துவிட்டார். விற்றவரிடம் கேட்டதற்கு, 'சப்ளையர் கொடுத்தது சார், எனக்குத் தெரியாது' என்று பதில் வந்ததாம். சான் டியாகோ வட்டம் ஓ.டி.யில் வந்து நிற்கிறது.

எழுதியவனைப் பொறுத்தவரை சட்டம் தெளிவு: பொய் ஆவணம் உருவாக்குவது குற்றம். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமே, எந்தப் பொருளின் மீது எழுத்தாலோ குறியாலோ பதிந்ததும் ஆவணமாகலாம் என்றது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. மட்டை மரம் அந்த 'எந்தப் பொருளில்' சேராது என்று வாதாட நல்ல தைரியம் வேண்டும். ஆனால் எழுதியவனை எங்கே போய்த் தேடுவது? கைக்கு எட்டுகிறவர் விற்றவர். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆவது பிரிவு: வர்ணனை சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். விற்றவருக்குத் தெரிந்ததா, தெரியாதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. இன்னார் கையெழுத்திட்ட மட்டை என்று சொல்லி விற்றால் பொறுப்பு அவருடையதுதான். சப்ளையரோடு சண்டை போடுவது அவர் பாடு.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்ட அம்பத்தூருக்குச் சென்னை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு வருடம். ஓ.டி. நண்பருக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது.