எம்.பி.டி.பி. - அழையா விருந்தாளியாக வந்த விஷம்

ஒரு மாத்திரையில் மருந்து மட்டும்தான் இருக்கிறதா? இல்லை. அதைத் தயாரிக்கும்போது உண்டான வேறு சில பொருட்களும் துளியளவு ஒட்டிக்கொண்டு வரும். இவற்றை மாசு என்கிறார்கள். எவ்வளவு நல்ல தொழிற்சாலையாக இருந்தாலும் மாசை அடியோடு நீக்க முடியாது, அளவைத்தான் கட்டுப்படுத்த முடியும். அந்த மாசு உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று ஆராய்வதற்கே ஒரு துறை இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அதில் வருடக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்கள் உண்டு. இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1976-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கதையில் பதில் இருக்கிறது.

மேரிலாந்து மாநிலத்தில் 23 வயது வேதியியல் மாணவர் ஒருவர், போதைக்காக எம்.பி.பி.பி. என்ற பொருளைத் தானே தயாரித்து ஊசி போட்டு வந்தார். பெத்திடின் என்ற வலி மருந்துக்கு இது நெருங்கிய சொந்தம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒருமுறை அவசரத்தில் செய்முறையைச் சுருக்கிவிட்டார். சில நாட்களில் உடம்பு விறைத்து, பேசவும் அசையவும் முடியாமல் போனார். எல்லாமே வயதானவர்களுக்கு வரும் பார்கின்சன் நோயின் அறிகுறிகள்! அந்த நோய்க்கான எல்-டோபா மருந்தைக் கொடுத்ததும் அசைவு திரும்பியது.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் அவர் பயன்படுத்திய கண்ணாடிப் பாத்திரங்களைச் சோதித்தார்கள். எம்.பி.பி.பி.யோடு எம்.பி.டி.பி. என்ற மாசும் இருந்தது. சூடும் அமிலமும் அதிகமானால் உண்டாவது அது. எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நிலையான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. விசாரணை அங்கேயே நின்றுபோனது. 1978-ல் அந்த மாணவர் இறந்தார். அவர் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்திருந்தன. 1979-ல் இது ஒரு மனநல ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. அதிகம் பேர் கவனிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1982-ல், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர மருத்துவமனைக்கு 42 வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சிலை மாதிரி உறைந்திருந்தார். முதலில் மனநோய் என்றே நினைத்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் விசாரித்தபோது, அதே நிலையில் இன்னும் சிலர் இருப்பது தெரிந்தது. மொத்தம் ஆறு பேர். எல்லோரும் செயற்கை ஹெராயின் என்று தெருவில் விற்கப்பட்டதை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள். அந்த 1979 கட்டுரையைத் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தெருவில் விற்ற சரக்கிலும் எம்.பி.டி.பி. இருந்தது. 1983-ல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள்.

சரி, எம்.பி.டி.பி. எப்படிக் கொல்கிறது? இங்குதான் வளர்சிதை மாற்றம் வருகிறது. எம்.பி.டி.பி. நேரடியாகக் கொல்வதில்லை. அது சுலபமாக மூளைக்குள் நுழைகிறது. அங்கே மோனோ அமைன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி அதை எம்.பி.பி. பிளஸ் என்ற பொருளாக மாற்றுகிறது. இது 1984-ல் தெரியவந்தது. டோபமைன் செல்கள், டோபமைனை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாக இதையும் இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது செல்லின் சக்தி உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை முன்னதாகவே கொடுத்தால் குரங்குகளுக்குப் பாதிப்பு வரவில்லை. ஆக, விஷத்தைத் தயாரித்தது மூளையேதான்!

எலிகள் ஏன் தப்பித்தன? எலிகளின் உடலமைப்பு இந்த விஷத்தைப் பெரிதும் தாங்கக்கூடியது. குரங்குகளோ மனிதர்களைப் போலவே பாதிக்கப்பட்டன. ஒரு பொருள் எலியைக் கொல்லவில்லை என்பதால் அது மனிதனுக்கு ஆபத்தில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சோகத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. பார்கின்சன் நோயை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் படிக்க முதன்முறையாக ஒரு நல்ல வழி கிடைத்தது. எம்.பி.டி.பி. கொடுத்த குரங்குகளின் மூளையில் ஒரு சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் நடுக்கமும் விறைப்பும் குறைகின்றன என்று 1990-ல் காட்டினார்கள். இன்று மூளைக்குள் மின்கம்பி பொருத்திச் செய்யும் சிகிச்சைக்கு அது ஒரு முக்கியப் படி.

தெருவில் போதை விற்றவனுக்குத் தரக்கட்டுப்பாடு கிடையாது. மருந்துக் கம்பெனிக்கு உண்டு. தினமும் 2 கிராம் வரை சாப்பிடும் மருந்தில் ஒரு மாசு 0.10 சதவீதத்தைத் தாண்டினால் அது என்னவென்று கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். அந்த தினசரி அளவு 1 கிராமுக்கு மேல் போனால் வரம்பு இன்னும் இறுகும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தள்ளுபடி செய்துவிடும் தொகை. இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் மறக்கவேண்டிய பழக்கம் அதுதான்.